கல்யாணச் சான்றிதழ் கையில் இருக்கிறது, கொரிய விசா கிடைத்துவிடுமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகத் திரும்பச் சொல்கிறேன். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் மூன்று வருடம் வேலை பார்த்த கொரியரைச் சென்னையில் சிறப்புத் திருமணச் சட்டத்தின்படி பதிவுசெய்து மணந்திருக்கிறீர்கள். பத்து மாதம் சேர்ந்து வாழ்ந்தீர்கள். நான்கு மாதத்துக்கு முன் அவர் கொரியா திரும்பி சாங்வொன் நகரில் புது வேலையில் சேர்ந்துவிட்டார். மாதம் 29 லட்சம் வொன் சம்பளம், 8 கோடி வொன் முன்பணம் கட்டி ஜொன்சே வீடு, அதாவது மாத வாடகை இல்லாத வீடு. நீங்கள் இன்னும் சென்னையில் இருக்கிறீர்கள். மூன்று லட்சம் ரூபாய் கொடுத்தால் நிச்சயம் விசா வாங்கித் தருவதாக ஒரு ஏஜென்ட் சொல்கிறார். "கல்யாணச் சான்றிதழ் இருந்தால் போதுமா, உடனே விண்ணப்பிக்கலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குப் பட்ட வரையில், இந்தக் கேள்விக்குள் இன்னொன்று இருக்கிறது: சட்டப்படி மனைவியாகிவிட்ட பிறகும் ஒரு அரசு உங்களை வரவேண்டாம் என்று சொல்ல முடியுமா? முடியும். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நானும் இதே விசாவில் 2013-இல் வந்தவள். கொரியாவின் சுவொன் நகரில் ஒரு ஹெங்ஜொங்சா அலுவலகத்தில் ஒன்பது வருடமாக மொழிபெயர்ப்பு வேலை பார்க்கிறேன். அரசு அலுவலகங்களுக்கான மனுக்களைத் தயாரித்துக் கொடுக்க உரிமம் பெற்றவரை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். நான் வக்கீல் இல்லை. விசாவைத் தருவதும் மறுப்பதும் தூதரக அதிகாரியின் கையில் இருக்கிறது. எந்தக் காகிதத்தைப் பார்த்து அவர் என்ன கேட்பார் என்பது மட்டும் எனக்கு நன்றாகத் தெரியும்.

முதலில் சந்தேகமே இல்லாத விஷயம். உங்களுக்கு வேண்டியது எஃப்-6-1, அதாவது கொரியக் குடிமகனின் கணவனுக்கோ மனைவிக்கோ தரும் விசா. குடிவரவுச் சட்டத்தின் அமலாக்க விதிகளில் இதற்கென்று தனிப் பிரிவு உண்டு. 2014 ஏப்ரலில் அதை இறுக்கினார்கள். திருமணம் உண்மையானதா, கொரியத் துணைக்குப் போதுமான வருமானம் இருக்கிறதா, இருவரும் குடியிருக்க முறையான வீடு இருக்கிறதா, இருவருக்கும் பேசிக்கொள்ள ஒரு மொழி இருக்கிறதா, கடந்த ஐந்து வருடத்தில் அவர் வேறொருவரைத் துணையாக அழைத்திருக்கிறாரா என்று அதிகாரி பார்ப்பார். இதில் எத்தனை விஷயம் உங்கள் கணவரைப் பற்றியது என்று கவனியுங்கள். நம் ஊரில் விசா என்றால் போகிறவர் பாஸ்போர்ட்டையும் பேங்க் புத்தகத்தையும் தூக்கிக்கொண்டு அலைவதுதான் பழக்கம். இங்கே கோப்பின் பெரும்பகுதி அழைக்கிறவருடைய காகிதம். ஆகவே பாதி வேலை சாங்வொனில் நடக்கவேண்டும்.

அவர் செய்யவேண்டிய முதல் வேலை, உங்கள் கல்யாணத்தைக் கொரியப் பதிவேட்டில் ஏற்றுவது. சென்னைப் பதிவாளர் கொடுத்த சான்றிதழ் இந்தியாவில் செல்லும். கொரியாவில் அதை முறைப்படி தெரிவித்து, அவருடைய திருமண உறவுச் சான்றிதழில் உங்கள் பெயர் வந்தால்தான் விசா அதிகாரி கோப்பைத் திறப்பார். வெளிநாட்டில் மணம் செய்தவர்கள் மூன்று மாதத்துக்குள் தூதரகம் வழியாகத் தெரிவிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. தாமதமாகியிருந்தால் சிறு அபராதம் வரலாம், திருமணம் செல்லாமல் போகாது. அவர் இன்னும் செய்யவில்லை என்றால் நாளைக்கே நகராட்சி அலுவலகத்துக்குப் போகச் சொல்லுங்கள். அதற்கு உங்கள் திருமணச் சான்றிதழில் மாநில அரசின் சான்றொப்பமும், அதன் மேல் வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டிலும் (ஆவணம் வெளிநாட்டில் செல்ல வைக்கும் முத்திரை) வாங்கி, கொரிய மொழிபெயர்ப்போடு அனுப்புங்கள். இந்தியா 2005-லும் கொரியா 2007-லும் அப்போஸ்டில் ஒப்பந்தத்துக்குள் வந்துவிட்டதால் அந்த முத்திரை இரு பக்கமும் செல்லும்.

இங்கே தமிழர்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு, பெயர். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருக்கும், அல்லது அப்பா பெயர் அதில் உட்கார்ந்திருக்கும். கல்யாணச் சான்றிதழில் வெறும் இனிஷியல் இருக்கும், பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இன்னொரு எழுத்துக்கூட்டல். கொரிய அலுவலருக்கு இனிஷியல் என்றால் என்னவென்றே தெரியாது. என் பெயரில் ஒரு ழ இருக்கிறது. திருமணத்தைப் பதிவுசெய்தபோது என் கணவர் காதால் கேட்டபடி அதைக் கொரிய எழுத்தான ஹங்குலில் லகரமாக எழுதினார். பிறப்புச் சான்றிதழை மொழிபெயர்த்தவர் ஆங்கில எழுத்துகளைப் பார்த்து, இசட்டையும் எச்சையும் தனித்தனியாகப் படித்து, 'ஜ்ஹி' என்று எழுதிவிட்டார். கோப்பில் ஒரு கணவனுக்கு இரண்டு மனைவிகள் நின்றார்கள். இருவரும் ஒருவரே என்று எழுதிக் கொடுத்து, திருத்திய மொழிபெயர்ப்பையும் வைத்த பிறகுதான் கோப்பு நகர்ந்தது. ஆகவே பாஸ்போர்ட்டில் இருக்கும் ஆங்கில எழுத்துதான் மூலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பெயரை ஹங்குலில் எப்படி எழுதுவது என்று இருவரும் உட்கார்ந்து ஒரே ஒரு வடிவத்தை முடிவுசெய்யுங்கள். அதை ஒரு தாளில் எழுதி, மொழிபெயர்க்கிற ஒவ்வொருவருக்கும் கொடுங்கள்.

சரி, வருமானத்துக்கு வருவோம். உங்கள் கோப்பு தடுக்கக்கூடிய இடம் இதுதான். அழைக்கிறவர் கடந்த ஒரு வருடத்தில், வரிக்கு முன், குறிப்பிட்ட தொகை சம்பாதித்திருக்க வேண்டும். அந்தத் தொகையைக் கொரியாவின் இடைநிலைக் குடும்ப வருமானத்தில் (குடும்பங்களை வருமான வரிசையில் நிறுத்தினால் நடுவில் வருவது) பாதி என்று கணக்குப் போட்டு நீதி அமைச்சகம் ஆண்டுதோறும் அறிவிக்கிறது. 2025-க்கு இரண்டு பேர் குடும்பத்துக்கு 2,35,95,948 வொன். அடுத்தடுத்த ஆண்டுகளில் இது ஏறிக்கொண்டே போகும் என்பதால் விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிப்பைத்தான் பார்க்கவேண்டும். நான் வந்தபோது இந்தக் கணக்கே கிடையாது. இப்போது பல குடும்பங்களை மாதக் கணக்கில் பிரித்து வைப்பது இந்த ஒரு எண்தான்.

2025-இன் தொகையை வைத்து உங்கள் கணவரின் கணக்கைப் போட்டுப் பார்க்கிறேன். நான்கு மாதச் சம்பளம் 1 கோடியே 16 லட்சம். கிட்டத்தட்ட 1 கோடியே 20 லட்சம் குறைகிறது. இங்கே சொத்து கைகொடுக்கும்: கடன் போக அவர் பெயரில் இருக்கும் சொத்தின் மதிப்பில் 5 சதவீதத்தை வருமானத்தோடு சேர்த்துக்கொள்வார்கள். ஜொன்சே முன்பணமும் சொத்துதான். வாடகைக்குப் பதிலாக வீட்டுக்காரரிடம் மொத்தமாகக் கட்டிவைத்து, காலி செய்யும்போது திரும்ப வாங்கும் பணம் அது, நம் ஊர் ஒத்திக்கு வீடு எடுப்பது போல. 8 கோடியில் 5 சதவீதம் 40 லட்சம். மிச்சக் குறை 80 லட்சம், அதாவது இன்னும் மூன்று மாதச் சம்பளத்துக்குச் சற்றுக் குறைவு. ஆனால் அந்த 8 கோடியில் வங்கிக் கடன் எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை. பெரும்பாலான இளைஞர்கள் ஜொன்சே கடன் வாங்கித்தான் கட்டுகிறார்கள். 5 கோடி கடன் என்றால் 3 கோடிதான் சொத்து, சேர்வது 15 லட்சம் மட்டும். அப்போது இன்னும் நான்கு மாதம் தேவைப்படும். இன்னொன்று, சொத்து ஆறு மாதமாவது அவர் கையில் இருந்திருக்க வேண்டும். நான்கு மாதத்துக்கு முன் கட்டிய பணம் இன்றைக்குக் கணக்கில் வராது. இரண்டு வழியில் பார்த்தாலும் இன்று விண்ணப்பிப்பது தவறு. மூன்று நான்கு மாதம் கழித்து விண்ணப்பிப்பது சரி.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. அவருடைய முகவரிப் பதிவு எங்கே இருக்கிறது? வீடு சாங்வொனில் எடுத்திருந்தாலும், பதிவு இன்னும் பெற்றோர் வீட்டு முகவரியிலேயே இருந்தால், குடும்பத்தில் அப்பா அம்மாவும் சேர்ந்து நான்கு பேராகிவிடும். அப்போது தேவை, 2025 கணக்கில், 3,65,86,638 வொன்னுக்குத் தாவும். மறுபக்கம், ஒரே பதிவில் சேர்ந்து வாழும் நேரடிக் குடும்பத்தினரின் வருமானத்தையும் கூட்டிக் காட்டலாம். மாமனாருக்கு நல்ல சம்பளம் இருந்து, நீங்கள் உண்மையாகவே அவர்களோடுதான் வாழப்போகிறீர்கள் என்றால் அது உங்களுக்குச் சாதகம். ஓய்வுபெற்றவர்கள் என்றால் பாதகம். விசாவுக்காக மட்டும் பதிவை மாற்றி விளையாட வேண்டாம். வீட்டைப் பார்க்க அதிகாரிகள் நேரில் வருவதுண்டு.

குறுக்குவழி உண்டா என்று நீங்கள் கேட்பீர்கள். தம்பதிக்குக் குழந்தை பிறந்திருந்தால் வருமானமும் மொழியும் தடையில்லை. ஒரு வருடமோ அதற்கு மேலோ வெளிநாட்டில் சேர்ந்து வாழ்ந்ததால் அவருக்குக் கொரியாவில் வருமானமே இல்லாமல் போன நிலைக்கும் விலக்கு உண்டு. உங்களுக்குப் பத்து மாதம்தான் ஆகியிருக்கிறது, அவரும் இப்போது அங்கே சம்பாதிக்கிறார். இதைச் சொல்லி வாதாடலாம், ஆனால் அதை நம்பி விண்ணப்பிக்க நான் சொல்லமாட்டேன். சென்னையில் அவர் வாங்கிய சம்பளம் கொரியத் தலைமை நிறுவனக் கணக்கில் வந்து அங்கே வரி கட்டியிருந்தால் கதை மாறும். கொரிய வரித்துறையின் வருமானச் சான்றிதழை அவர் இணையத்தில் எடுத்துப் பார்க்கட்டும். அதில் சென்ற ஆண்டுக்கு ஒரு தொகை இருந்தால், மேலே நான் போட்ட கணக்கையே திருப்பிப் போடவேண்டும், நல்ல திசையில்.

மொழி விஷயத்தில் உறுதியானது ஒன்று, சந்தேகமானது ஒன்று. டோபிக் என்ற கொரிய மொழித் திறன் தேர்வில் முதல் நிலைத் தேர்ச்சி, அல்லது கொரிய மொழி கற்றுத்தரும் செஜோங் நிறுவனம் போன்ற அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் அடிப்படைப் பாடத்தை முடித்த சான்றிதழ், இரண்டில் ஒன்று இருந்தால் பேச்சே இல்லை. டோபிக் முதல் கட்டத் தேர்வு 200 மதிப்பெண்ணுக்கு, 80 எடுத்தால் முதல் நிலை. கேட்டலில் 30 கேள்வி, வாசிப்பில் 40, மொத்தம் 100 நிமிடம். எழுதிக் காட்டும் பகுதி இல்லை. ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் நான்கைந்து மாதத்தில் தமிழருக்கு இது எட்டும். வினைச்சொல் கடைசியில் வரும் மொழி, வேற்றுமை உருபு பெயரோடு ஒட்டும் மொழி, நம் காதுக்கு அந்நியமாகவே இருக்காது. சென்னை இன்கோ மையத்தில் கொரிய வகுப்புகள் நடக்கின்றன, விசாரியுங்கள். சந்தேகமானது இது: துணையின் தாய்மொழி பேசும் நாட்டில் கொரியர் ஒரு வருடத்துக்கு மேல் தொடர்ந்து வாழ்ந்து, அந்த மொழியில் இருவரும் பேசிக்கொள்ள முடிந்தால் தேர்வு வேண்டாம் என்கிறது விதி. உங்கள் கணவர் மூன்று வருடம் இந்தியாவில் இருந்தார், சரி. நீங்கள் இருவரும் பேசுவது ஆங்கிலம், உங்கள் தாய்மொழி தமிழ். ஒரு அதிகாரி ஏற்றுக்கொள்வார், இன்னொருவர் மாட்டார். எப்படியும் சில மாதம் காத்திருக்கத்தான் போகிறீர்கள், அந்த நாட்களைத் தேர்வுக்குக் கொடுங்கள். விசாவைவிட உங்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன். மாமியாரோடு சமையலறையில் நிற்கும்போது கணவர் நடுவில் நின்று மொழிபெயர்த்துக்கொண்டிருக்க மாட்டார்.

வீட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒப்பந்தம் கணவர் பெயரிலோ அவருடைய நேரடிக் குடும்பத்தினர் பெயரிலோ இருக்கவேண்டும், ஒரு குடும்பம் வாழத் தக்க இடமாக இருக்கவேண்டும். கோஷிவொன் போன்ற ஒற்றை அறைகளை ஏற்பதில்லை. உங்களுக்கு இதில் கவலையில்லை.

திருமணம் உண்மையா என்பதற்கு வருகிறேன். நல்ல தம்பதிகள் அநியாயமாகச் சிக்குவது இங்கேதான். நீங்கள் ஒரு திருமணப் பின்னணி அறிக்கை எழுதவேண்டும்: எப்போது எங்கே சந்தித்தீர்கள், யார் அறிமுகம் செய்தார்கள், எந்த மொழியில் பேசுகிறீர்கள், வீட்டாருக்குத் தெரியுமா, முன் திருமணம் உண்டா. அவர் எழுதும் அழைப்புக் கடிதத்திலும் அதே கேள்விகள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பார்கள். நான் பார்த்த ஒரு தம்பதியில் கணவர் முதல் சந்திப்பு மார்ச் என்று எழுதியிருந்தார், மனைவி ஆகஸ்ட் என்று. இருவரும் பொய் சொல்லவில்லை. அவருக்கு அலுவலகக் கூட்டத்தில் அவளைப் பார்த்தது முதல் சந்திப்பு, அவளுக்கு முதன்முதலாக இருவரும் தனியாக மகாபலிபுரம் போன நாள்தான் சந்திப்பு. அந்தப் பெண் அன்று கையில் வைத்திருந்த தாளில் அதிகாரி பென்சிலால் அந்த இரண்டு மாதங்களையும் வட்டமிட்டு ஒரு கோட்டால் இணைத்திருந்ததை இன்னும் மறக்க முடியவில்லை. நம் கல்யாணங்களில் வேறு கோயிலில் தாலி கட்டிய தேதி ஒன்று, பதிவுத் தேதி ஒன்று, கொரியப் பதிவேட்டில் ஏறிய தேதி ஒன்று என மூன்று நிற்கும். அறிக்கையில் மூன்றையும் வரிசையாகச் சொல்லிவிடுங்கள், எது எது என்று விளக்குங்கள். மனப்பாடம் செய்த ஒரே வாக்கியத்தை இருவரும் எழுதவேண்டாம். நடந்ததை எழுதுங்கள், தேதிகளை மட்டும் உட்கார்ந்து ஒத்துப் பாருங்கள்.

போட்டோ விஷயத்தில் நம்மவர்கள் கல்யாண ஆல்பத்தையே அனுப்புவார்கள். மேக்கப்போடு மேடையில் நிற்கும் நாற்பது படங்கள் ஒரே நாளைத்தான் காட்டும். வேறு வேறு காலத்துப் படங்களாகப் பதினைந்து இருபது போதும். உங்கள் அம்மா அவருக்கு இலையில் பரிமாறுகிற படம், அவருடைய பெற்றோரோடு வீடியோ அழைப்பில் பேசுகிற படம், இருவரும் காய்ச்சலில் சுருண்டு கிடந்த நாளின் படம்கூட நல்லதுதான். ஒவ்வொன்றின் கீழும் தேதியும் இடமும் இருப்பவர்களும். இப்போது பிரிந்திருக்கும் மாதங்களில் நீங்கள் காகாவோ செயலியில் பேசும் உரையாடல்களை அழிக்காமல் வையுங்கள்.

இந்தியாவில் நீங்கள் எடுக்கவேண்டியவற்றில் காசநோய்ப் பரிசோதனைச் சான்றிதழ் கட்டாயம். கொரியாவின் பட்டியலில் இந்தியா இருப்பதால் மூன்று மாதத்துக்கு மேல் தங்க வருகிற எவருக்கும் அது உண்டு, தூதரகம் குறிப்பிட்ட மருத்துவமனையில்தான் எடுக்கவேண்டும். போலீஸ் சான்றிதழையும் இதையும் கடைசியில் எடுங்கள், சீக்கிரம் காலாவதியாகும். கொரியச் சான்றிதழ்களும் எடுத்து மூன்று மாதத்துக்குள் இருக்கவேண்டும். அப்புறம், இணையத்தில் படித்துவிட்டுக் கணவர் சர்வதேசத் திருமண வழிகாட்டி வகுப்புக்குப் போகவேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். அது சீனா, வியட்நாம், பிலிப்பைன்ஸ், கம்போடியா, மங்கோலியா, உஸ்பெகிஸ்தான், தாய்லாந்து என ஏழு நாட்டுத் துணைகளுக்கு மட்டும். இந்தியா அதில் இல்லை.

ஏஜென்டைப் பற்றி நேராகச் சொல்கிறேன். நிச்சயம் விசா என்று எவராலும் சொல்ல முடியாது, எங்கள் அலுவலகத்தாலும் முடியாது. அவர் அவசரப்படுத்தி இன்றே விண்ணப்பித்து, வருமானக் குறையால் மறுக்கப்பட்டால், பணம் போவது மட்டுமல்ல. மறுத்த நாளிலிருந்து ஆறு மாதம் ஆன பிறகுதான் பொதுவாக மீண்டும் விண்ணப்பிக்கலாம். கர்ப்பம், பிரசவம் போன்ற தவிர்க்கமுடியாத காரணங்களுக்குத்தான் விலக்கு. மூன்று மாதம் பொறுக்காமல் ஆறு மாதத்தை இழந்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். உதவி வேண்டும் என்றால் கொரியாவில் உரிமம் உள்ள ஹெங்ஜொங்சாவையோ வக்கீலையோ கணவர் நேரில் பார்க்கட்டும். குடிவரவுத் துறையின் 1345 எண்ணில் ஆங்கிலத்திலும் பேசலாம், கட்டணம் கேட்கமாட்டார்கள்.

வந்து சேர்ந்த பிறகு 90 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு செய்து அட்டை வாங்கவேண்டும். அதற்கு முன் ஆரம்பத் தழுவல் வகுப்பு என்று சில மணி நேரம் நடத்துவார்கள். அதற்குப் போனால் முதல் தங்கும் காலம் ஒரு வருடத்துக்குப் பதில் இரண்டு வருடமாகக் கிடைக்கும். வேலைக்குப் போகத் தனி அனுமதி வேண்டாம், எந்த வேலையும் செய்யலாம். இரண்டு வருடம் வாழ்ந்தபின் எளிய முறையில் குடியுரிமை கேட்கலாம் என்று உறவினர்கள் துரத்துவார்கள். அவசரப்பட வேண்டாம். கொரியா திருமண வழி வந்தவர்களுக்குப் பழைய குடியுரிமையை வைத்துக்கொள்ள ஒரு வழி விட்டிருக்கிறது, ஆனால் இந்தியச் சட்டம் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைக்கவேண்டி வரும். நிரந்தர வசிப்புரிமையான எஃப்-5 பலருக்குப் போதுமானது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாகவேண்டும், உங்கள் கணவர் மீது சந்தேகம் கொண்டு அல்ல. இந்த விசா அவர் அழைத்ததால் வருவது, ஆனால் அவர் நினைத்தால் கிழித்துப்போடக்கூடியது அல்ல. குழந்தையை வளர்ப்பவருக்கு எஃப்-6-2, கணவர் இறந்தாலோ அவர் பக்கத் தவறால் திருமணம் முறிந்தாலோ எஃப்-6-3 என்று தொடர்ந்து தங்க வழி இருக்கிறது. முறிவுக்கு முக்கியப் பொறுப்பு கொரியத் துணையுடையது என்றால் போதும், நூறு சதவீதமும் அவர் தவறாக இருக்கவேண்டியதில்லை என்று 2019-இல் கொரிய உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. குடும்ப வன்முறைக் குற்றத்தில் தண்டனை பெற்றவர் பத்து வருடத்துக்குத் துணையை அழைக்கமுடியாது என்று 2020-இல் விதியையும் மாற்றினார்கள். பாஸ்போர்ட்டும் அட்டையும் எப்போதும் உங்கள் பையில் இருக்கட்டும். 1577-1366 என்ற எண் இரவு பகல் எந்த நேரமும் எடுப்பார்கள், ஆங்கிலம் பேசுவார்கள்.

இன்று இரவு அவரோடு பேசும்போது நான்கு கேள்வி மட்டும் கேட்டு இங்கே எழுதுங்கள்: கல்யாணம் கொரியப் பதிவேட்டில் ஏறிவிட்டதா, முகவரிப் பதிவு எந்த ஊரில், 8 கோடியில் கடன் எவ்வளவு, சென்ற ஆண்டு வருமானச் சான்றிதழில் என்ன தொகை. அதைப் பார்த்தால் எந்த மாதம் விண்ணப்பிக்கலாம் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.